வட்டவடைக் குளிரில் ஜோதியும் கிரிதாரியும்

கேரளத்து இடுக்கி மலையில் வட்டவடை, காந்தளூர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் மண் சும்மா கிடந்தால் அதில் உருளைக்கிழங்கு போடலாம். ராத்திரிக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். கீழே மறையூர்ச் சூட்டில் செடி தழைக்கும், அடியில் கோலிகுண்டு அளவுதான் இருக்கும்.

குப்ரி ஜோதி 1968-லிருந்து இருக்கும் உருளைக்கிழங்கு ரகம். முட்டை வடிவம், ஆழமில்லாத கண், தோல் சீவ எளிது, ருசியும் நன்று. ஆனால் பின்கருகல் நோயைத் தாங்கும் சக்தி அதற்கு இப்போது போய்விட்டது. குப்ரி கிரிதாரி என்ற ரகம் அந்த நோயை நன்றாகத் தாங்கும், முற்றுவதற்குத்தான் கொஞ்சம் பிந்தும். வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இருக்கிற மண்ணுக்கு ஸ்வர்ணா ரகம். நீலகிரி மண்ணில் அந்தப் புழு 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் அங்கிருந்து சான்று இல்லாத விதை கொண்டுவரவே வேண்டாம். ஜோதியையும் கிரிதாரியையும் பாதிப் பாதியாகப் போடுங்கள், ஆனால் தனித்தனிப் பாத்தியில். கலந்து நட்டால் ஒன்று முற்றும்போது மற்றது பிஞ்சாக நிற்கும்.

சென்டுக்கு 15 கிலோ விதை, 60 கிலோ மக்கிய தொழு உரம். பச்சைச் சாணி போட்டால் கிழங்குத் தோலில் சொறி விழும். விதைக்கிழங்கு 40-50 கிராம் இருந்தால் முழுசாகவே நடலாம். பெரிதை அறுத்தால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது வேண்டும். வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் பரப்புங்கள். அறுக்கும்போது உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் அது பாக்டீரியா வாடல். கிழங்கைத் தோட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, கத்தியைக் கொதிநீரில் முக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பாருக்குப் பார் 60 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ.

செடி ஒரு சாண் வந்ததும் மண் அணைக்க வேண்டும், மூன்று வாரம் கழித்து இன்னொரு தரம். இதில் சோம்பக் கூடாது. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசக்கும், அதில் சோலனைன் நஞ்சு ஏறியிருக்கும். தண்ணீரைக் காயப்போட்டுத் திடீரென்று பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும்.

துலாமழையும் (ஐப்பசி மழை) மூடுபனியும் சேர்ந்தால் பின்கருகல் வரும். இலை ஓரத்தில் நீர் கோத்த கரும்புள்ளி, அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை. வந்தபின் மருந்தடித்து மீட்பது கடினம். அதனால் மூடுபனி தொடங்கும்போதே போர்டோ கலவை: 100 கிராம் துரிசு (மயில்துத்தம்) 5 லிட்டர் தண்ணீரில், 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு 5 லிட்டரில், தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துரிசு நீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பார்த்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். அன்றன்றே அடித்து முடியுங்கள். இலைக்கு அடியிலும் பட வேண்டும்.

இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, தண்டைத் தரையோடு அறுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் மண்ணிலேயே விடுங்கள். ஒன்றைத் தோண்டிக் கட்டைவிரலால் தேயுங்கள். தோல் உரிந்தால் இன்னும் பொறுங்கள். ஈர மண்ணில் தோண்டாதீர்கள், தோண்டியதைக் கழுவவும் வேண்டாம். காற்றோட்டமுள்ள இருட்டறையில் இரண்டு வாரம் பரப்பி வைத்தால் கீறல் ஆறும். மண்வெட்டி பட்டதைத் தனியே எடுத்து முதலில் சமைத்துவிடுங்கள்.

அடுத்த போகம் அதே பாத்தியில் பூண்டோ பீன்ஸோ போடுங்கள். தக்காளியும் கத்தரியும் மிளகாயும் வேண்டாம், வாடல் கிருமி அவற்றிலும் வாழும்.