நிஞ்ஜா வாரியர் தடைக்களம்: விண்ணப்பம் முதல் ஒளிபரப்பு வரை

'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்' என்னும் தொலைக்காட்சித் தடைதாண்டும் போட்டியின் 2018ஆம் ஆண்டுப் பருவத்தில் கலந்துகொள்ள விரும்பிய எனக்கு முதலில் வாய்த்தது எழுத்து வேலைதான். நீண்ட வினாப்பட்டியல் ஒன்றை நிரப்பி, சில நிமிடக் காணொளி ஒன்றையும் அனுப்ப வேண்டியிருந்தது. வயது 19 நிறைந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கம்பியில் எத்தனை முறை மேலெழ முடியும் என்பதைக் காட்டிலும், இவர் யார், எதற்காக ஓடுகிறார் என்பதையே தேர்வுக் குழு அதிகம் பார்க்கிறது என்பது என் கணிப்பு. தொலைக்காட்சிக்கு அதுவும் வேண்டியிருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை.

அழைப்பு வந்தபின் பயிற்சியின் திசையை மாற்றிக்கொண்டேன். எடை தூக்குவதைக் குறைத்து, தொங்கியபடி ஆடி, கையை விட்டு, அடுத்த பிடிக்குத் தாவும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினேன். வீரர்கள் இதை 'லஷே' என்பார்கள். ஆட்டத்தின் உச்சியை எட்டும் வரை காத்திருந்து கையை விட்டால் உடல் நேராகக் கீழே இறங்கிவிடும் என்பதால், உச்சிக்குச் சற்று முன்பே, உடல் இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கும்போதே விட வேண்டும். அறிவுக்கு இது எளிது. கைகள் அதை நம்புவதற்குத்தான் நாளாகிறது.

படப்பிடிப்பு இருட்டிய பின் தொடங்கி விடியும்வரை நீண்டது. தடைகள் ஒவ்வொன்றையும் எங்களுக்குக் காட்டி, எதைத் தொடலாம், எதைத் தொட்டால் வெளியேற வேண்டும் என்று விளக்கினார்கள். ஆனால் ஒரு தடையையும் முன்கூட்டித் தொட்டுப் பார்க்க அனுமதியில்லை. எனவே பிடியின் தடிமன், வழுக்கல், ஊஞ்சலின் வேகம் ஆகியவற்றையெல்லாம் கண்ணால் அளந்து, மனத்துக்குள் பலமுறை ஓடிப்பார்த்தேன். என் முறை வரும்வரை உடலைச் சூடாகவும் வயிற்றைப் பாரமின்றியும் வைத்திருப்பதே பெரும்பாடு.

தகுதிச் சுற்றில் ஆறு தடைகள். எல்லாவற்றையும் முடித்தவர்கள் மட்டுமே தேறுவார்கள் என்று பார்வையாளர் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதிகத் தூரம் சென்றவருக்கு முதலிடமும், ஒரே தடையில் விழுந்தவர்களுள் அங்கு விரைவாக வந்து சேர்ந்தவருக்கு முன்னுரிமையும் உண்டு. அந்தப் பருவத்தில் அவ்வரிசையின் முதல் 30 பேர் நகர இறுதிச் சுற்றுக்குச் சென்றார்கள். இந்தக் கணக்குதான் என் ஓட்டத்தை முடிவு செய்தது. சாய்படிகளில் நிற்காமல், படிக்கு ஓர் அடியாகத் தாண்டினேன். நடுவில் ஓய்வெடுக்கக் கிடைத்த மேடைகளில் மூச்சு வாங்கும் நேரத்தைக்கூடக் குறைத்தேன். அதன் விலையை ஐந்தாம் தடையில் கொடுத்தேன்: முன்னங்கைகள் இறுகி, விரல்கள் தாமே விரிந்துகொள்ள, தண்ணீரில் விழுந்தேன். ஆறாவதாக இருந்த 14.5 அடி வளைசுவரையும், 10,000 டாலர் பரிசுக்காக ஒரே முயற்சியில் ஏற வேண்டிய 18 அடிச் சுவரையும் கீழிருந்து பார்த்ததோடு சரி.

வேகம் என்னைச் சிலருக்கு முன்னே கொண்டுசென்றாலும், 30 பேருக்குள் வர அது போதவில்லை. முடிவை ஒளிபரப்புவரை வெளியே சொல்லமாட்டேன் என்று முன்பே கையெழுத்திட்டிருந்ததால், விசாரித்தவர்களுக்கெல்லாம் சிரிப்பைத்தான் பதிலாகத் தர முடிந்தது. ஒளிபரப்பில் எல்லா ஓட்டங்களும் முழுமையாக வருவதில்லை. என்னுடையது, சாய்படிகளையும் தண்ணீரில் விழுந்ததையும் மட்டும் ஒட்டிய சில நொடித் துணுக்காக வந்தது. நான் பெருமைப்படும் நான்காம் தடைத் தாவல் அதில் இல்லை.