புல்வெளியில் ஒன்றும் இல்லை

மணிலாவுக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிலிப்பைன்ஸ் கலாச்சார மையத்தின் முன்னாலிருக்கும் புல்வெளியில் அரை மணி நேரம் நின்றேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அனுப்பி வைத்தவர் எங்கள் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் இருந்த மூத்த பெண்மணி. எல்லோரும் அவரை ‘ஆத்தே’ என்பார்கள். அங்கே அக்காவை அப்படித்தான் அழைப்பது. என் காதில் அது கடைசிவரை அத்தை என்றே விழுந்தது. என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் மரியாதைக்கு என்னை ‘குயா’ என்பார், அதாவது அண்ணன். நான் கட்டடப் பொறியாளன். பொருள்களை ஓரிடத்தில் அமைத்து அந்த இடத்தையே படைப்பாக்குவதை நிறுவல் கலை என்பார்கள். அது அறை நடுவே நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கம் எழுதி ஒட்டுவது என்று ஒருமுறை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “குயா, அந்தப் புல்வெளியில் போய் நின்றுவிட்டு வாருங்கள்” என்றார், அவ்வளவுதான்.

1989இல் ரொபெர்ட்டோ வில்லானுவேவா என்ற கலைஞர் அந்த வளாகத்தில் ‘ரூனோ’ என்ற மலை நாணலைக் கொண்டு ஒரு சுழல்பாதை எழுப்பினார். நீளம் சுமார் 2000 அடி. உள்ளே நடந்து நடந்து மையத்தை அடைந்தால், கோர்டிலியேரா மலைக் கிராமங்களில் பெரியவர்கள் கூடிப் பேசும் ‘தாப்-ஆய்’ போன்ற ஒரு வட்டம். 2007இல் ஜுன்யீ என்ற இன்னொரு கலைஞர் அதே மையத்தின் முன்னால் ஏறத்தாழ 10,000 மரத்துண்டுகளை நிறுத்தினார். அதற்குப் பெயர் ‘அங்குட்’. காட்டில் மரத்தை வெட்டி இழுத்துச் சென்றபின் வேண்டாமென்று அறுத்துப் போடும் முனைத்துண்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அழிந்த காட்டை அதன் கழிவைக் கொண்டே நிற்க வைத்திருக்கிறார் மனிதர்.

இரண்டும் இப்போது இல்லை. இருப்பதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. பின்னால் நிற்பதோ லியாண்ட்ரோ லொக்சின் வடிவமைத்து 1969இல் திறக்கப்பட்ட கனத்த கான்கிரீட் கட்டடம். சிப்பிகளை நொறுக்கிக் கலந்த சொரசொரப்பான பரப்பு. என் தொழில் புத்தி முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தது. அந்தக் கட்டடமே 2023இல் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. நாணலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எனக்குக் கட்டட வேலைக்குக் கட்டும் சாரம்தான் நினைவுக்கு வந்தது. வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டுவோம், பூச்சு வேலை முடிந்த அன்று அவிழ்த்துவிடுவோம். அவிழ்க்கும்போது நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அதை நின்று ரசித்ததும் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு இந்த மாதிரிப் படைப்புகளைத் தேடிப் போக ஆரம்பித்தேன். இன்றைக்கும் போய் நிற்கக்கூடிய இடங்களில் எனக்குப் பிடித்தது அந்திப்போலோ மலையிலுள்ள பின்தோ கலை அருங்காட்சியகம். பின்தோ என்றால் கதவு. ஹோவென் குவானாங் என்ற நரம்பியல் மருத்துவர் உருவாக்கியது. எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் இரண்டாம் தடத்தில் கடைசி நிலையம்வரை போய், அங்கிருந்து ஜீப்னி என்ற சிறு பேருந்தோ டிரைசைக்கிளோ பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. நான் முதல்முறை திங்கட்கிழமைதான் போனேன். வாயிற்காவலர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

இரண்டாம் முறை உள்ளே போனதும் வெள்ளைச் சுவர்கள், சரிவில் இறங்கும் தோட்டம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அழைத்துப் போகும் கூடங்கள். ஓவியங்களை வேகமாகக் கடந்துவிட்டேன். அந்தோணியோ லெயானியோவின் மூங்கில் காட்டுக்குள் நுழைந்த பிறகு கால் நகரவில்லை. மூங்கில் சிம்புகள் பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் நெருங்கி வளைந்து குகை போல் மூடிக்கொள்கின்றன. எது எதைத் தாங்குகிறது என்று கண்டுபிடிக்கக் கீழே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பாரம் எங்கே இறங்குகிறது என்று பிடிபடவில்லை. பக்கத்தில் ஒரு சிறுமி “பறவைக்கூடு” என்றாள். என் கணக்கைவிட அது சரியாக இருந்தது.

மணிலாவின் மலாத்தே பகுதியில் டொமிங்கா தெருவில், செயின்ட் பெனில்ட் கல்லூரியின் சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம். கண்காட்சிக்குக் கண்காட்சி கூடமே உருமாறிவிடும் என்பதால் என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது. மகாட்டியில் 2013இல் ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தில் தொடங்கிய பெரிய கலைச் சந்தைக்கும் ஒருமுறை போனேன். சாய்தளத்தில் ஏறி ஏறிக் கலை பார்ப்பது வேடிக்கைதான். ஆனால் எந்தப் படைப்புக்கு முன்னாலும் பத்து செல்போன்கள். எனக்கு ஒத்துவரவில்லை. பாகுயோ என்ற மலைநகருக்கு இரவு பஸ் பிடித்தால் விடியற்காலைக் குளிரில் இறங்கலாம். அசின் சாலையில் ஓவியர் பென்காப்பின் அருங்காட்சியகம், ஊருக்குள் திரைப்பட இயக்குநர் கிட்லாட் தாஹிமிக் எழுப்பிய இலி-லிக்கா என்ற கலைக் கிராமம். பின்னதில் எந்தப் படியும் இன்னொரு படியின் அளவில் இருக்காது. என் மேலதிகாரி பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்த படைப்பை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அல்ஃப்ரெடோவும் இசபெல்லும், அக்கிலிசான் தம்பதி, 2006இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அவர்களுடைய 2008ஆம் ஆண்டுப் படைப்பின் பெயர் ‘முகவரி’. துணி, பொம்மை, புத்தகம், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் அடைத்த கனசதுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு ‘பாலிக்பாயன்’ பெட்டியின் அளவு. சுற்றியிருந்த அட்டை மட்டும் இல்லை. வெளிநாட்டில் உழைக்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஊருக்கு அனுப்பும் பெட்டி அது. சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, யார் காலுக்காவது சரியாகுமென்று வாங்கிய செருப்பு. கனசதுரங்களை அடுக்கினால் செங்கல் சுவர் போல நிற்கிறது.

ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பும் வாரத்தில் ஆத்தே இரண்டு காலிப் பெட்டிகள் கொண்டுவந்து கொடுத்தார். ரியாத்திலிருந்து அவர் தம்பி அனுப்பியவை. பாகுயோவில் வாங்கிய மர ‘புலுல்’, நெல்லுக்குக் காவலிருக்கும் அந்தக் குந்திய உருவம், எப்படித் திருப்பினாலும் அடங்கவில்லை. இரண்டு பனியனில் சுற்றி மூலையில் அழுத்தினேன். பெட்டியின் பக்கத்தில் தம்பி கறுப்பு மையில் பெரிதாக எழுதிய பழைய முகவரி அப்படியே இருந்தது. “அடித்துவிடுங்கள் குயா, இல்லையென்றால் பெட்டி எங்கள் வீட்டுக்கே வந்துவிடும்” என்றார். நான் அடிக்கவில்லை. அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி என் முகவரியை எழுதினேன்.