ஒரே கம்பியில் வரிசையாகப் போன பிட்கள்

ஆல்டேர் 8800 என்ற பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டரில், டெர்மினலோடு (எழுத்துகளைத் தட்டவும் காட்டவும் உதவும் கருவி) பேசும் ரொட்டீன் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே இரண்டு போர்ட்டுக்குள் (ப்ராசஸர் வெளிக் கருவிகளோடு பேசும் எண்ணிட்ட வழிகள்) அடங்கிவிடுவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்! டெர்மினலை ஆல்டேரோடு இணைத்த 88-2எஸ்ஐஓ போர்டில் இருந்தது மோட்டோரோலா 6850 சிப். 16-ஆம் போர்ட்டைப் படித்தால் அதன் நிலை தெரியும். 17-ஆம் போர்ட் வழியாக எழுத்து வரும், போகும். நிலையில் கடைசி பிட் 1 என்றால் எழுத்து வந்திருக்கிறது. அதற்கு முந்தைய பிட் 1 என்றால் அடுத்ததை அனுப்பலாம். அதுவரை ப்ராசஸர் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கால டெர்மினலான டெலிடைப் மாடல் 33-இன் வேகம் 110 பாட், அதாவது நொடிக்கு 110 பிட். எழுத்துக்கு 11 பிட், நொடிக்கு 10 எழுத்து. அந்த ஒரு எழுத்து போவதற்குள் ஆல்டேரின் ப்ராசஸரான 2 மெகாஹெர்ட்ஸ் 8080-க்கு 2,00,000 கிளாக் துடிப்புகள் ஓடிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் வரும் ஸ்டார்ட் பிட். கிளாக்குக்கென்று தனிக் கம்பி கிடையாது. சும்மா இருக்கும் லைன் 1-இல் நிற்கும். 0-க்கு இறங்கினால் எழுத்து வருகிறது என்று அர்த்தம். சிப், பாட் வேகத்தைப் போல 16 மடங்கு கிளாக்கில் 8 துடிப்பு எண்ணி, அது நிஜமாகவே 0-தானா என்று நடுவில் பார்க்கும். பிறகு 16 துடிப்புக்கு ஒரு பிட். 65 என்ற எண்ணால் குறிக்கப்படும் A என்ற எழுத்து 1, 0, 0, 0, 0, 0, 1, 0 என்று கடைசி பிட்டிலிருந்து தொடங்கி வரும். இரண்டு பக்கக் கிளாக்கும் லேசாக விலகினாலும் பாதகமில்லை, அடுத்த ஸ்டார்ட் பிட்டில் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும்.

டெர்மினல் திணறினால் 19 என்ற குறியை அனுப்பும், அனுப்புபவர் நிறுத்துவார். 17 என்ற குறி வந்தால் தொடரலாம். என் ரொட்டீனில் அடுத்து இதைத்தான் சேர்க்கப் போகிறேன்.