இன்ஃப்ரா பக்கம் போகலாமா?

ஜாவாவில் பில்லிங் மாட்யூல் எழுதுவதுதான் என் வேலை. இப்போது சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் பராமரிக்கும் இன்ஃப்ரா டீமுக்கு மாறலாமா என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசையைக் கிளப்பியது ஒரு பிரச்சினை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் எங்கள் பாட் (ஆப் ஓடும் கன்டெய்னர் தொகுதி) ஒன்று அடிக்கடி விழுந்து விழுந்து எழுந்தது. லாகில் எர்ரரே இல்லை. தோண்டிப் பார்த்தால் எக்ஸிட் கோடு 137. அதாவது 128-உடன் 9; அந்த 9 ப்ராசஸை உடனே கொல்லும் சிக்னல், SIGKILL. மெமரி லிமிட்டைத் தாண்டியதும் லினக்ஸ் கர்னலே ப்ராசஸைக் கொன்றிருக்கிறது. ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம், ஆப்ஜெக்ட்களை வைக்கும் ஹீப்புக்கு வெளியேயும் மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக் என்று மெமரி எடுக்கும்; கன்டெய்னர் லிமிட்டோ ஹீப் அளவுக்கே இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் எந்த ஃபீச்சரிலும் எனக்கு வந்ததில்லை.

சரி, தயக்கம் எங்கே? ஆன்-கால்தான், அதாவது சர்வீஸ் விழுந்தால் எந்நேரமும் எழுந்து சரிசெய்யும் முறை. 99.9 சதவீத அப்டைம் என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் சர்வீஸ் நிற்கலாம். 99.99 என்றால் நாலரை நிமிடம்கூடக் கிடையாது. ராத்திரி போன் அடித்து, எழுந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் அது தீர்ந்துவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

டூல்களைப் பற்றிப் பயமில்லை. இன்ஃப்ராவைக் கோடாக எழுத உதவும் டெராஃபார்மின் லைசென்ஸ் 2023-ல் மாறி, அதிலிருந்து ஓப்பன்டோஃபு தனியாகப் பிரிந்தது, டூல்கள் அப்படித்தான். லினக்ஸும் நெட்வொர்க்கிங்கும் நிலைக்கும். அவற்றைத்தான் இப்போது படிக்கிறேன்.

சர்வீஸ்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கூகுளின் எஸ்ஆர்இ குழுக்களில் ஆபரேஷன்ஸ் வேலை பாதி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மீதி நேரம் கோடு எழுத. எங்கள் இன்ஃப்ரா லீடிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்: இங்கே அந்தக் கணக்கு எப்படி?