சிவப்புப் பட்டை

மார்ச் 4
அக்காவின் கால் ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. காரணம் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 5
அக்கா கையில் சிவப்புப் பட்டை கட்டிவிட்டார்கள். பென்சிலின் ஒவ்வாமை. பழைய மருத்துவமனையில் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இருந்தும் ஊசி போட்டார்கள். "போனது போகட்டும் விடுடா, அந்த நர்ஸ் சின்னப் பொண்ணு, பாவம்" என்கிறாள். பாவம்தான். அவளைத் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அந்தப் பக்கம் ஏன் அவள் கண்ணில் படவில்லை? அத்தனை படுக்கைகளுக்கும் இரவில் அவள் ஒருத்திதானா? வேலையை விட்டு நிறுத்தினார்கள், விஷயம் முடிந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 6
தூக்கம் வரவில்லை. டெனெரிஃப் தீவு விமான விபத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1977 மார்ச் 27, மூடுபனி, ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வருமுன்பே கிளம்பிய கேஎல்எம் (டச்சு விமான நிறுவனம்) கேப்டன் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தந்தவர். எதிரே அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டிருக்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். அந்த விமானி அறையில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. பாடம் படித்தது மற்றவர்கள்தான். கேப்டனே ஆனாலும் சந்தேகத்தை விடாமல் சொல்ல விமானக் குழுவினருக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். நாமோ தவறு செய்தவரிடம் மட்டும் "இனியாவது திருந்து" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

மார்ச் 7
அக்கா நன்றாகச் சாப்பிட்டாள்.

மார்ச் 8
படித்த பாடத்தையும் மறந்துவிடுகிறோமே, அதற்கு என்ன செய்வது? 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அரிபடுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்த விஷயம். ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பியதால் பயம் விட்டுப்போனது. ஏழு பேர் போனார்கள். விசாரணை, அறிக்கை, புது விதிகள். 2003இல் கொலம்பியா, அதுவும் விண்வெளி ஓடம்தான். இந்த முறை எரிபொருள் தொட்டியின் மேலிருந்து உடைந்த நுரைத் துண்டு. அதுவும் முன்பு பலமுறை உடைந்து விழுந்ததுதான். மறுபடியும் ஏழு பேர். இரண்டையும் ஒப்பிட்டு விசாரணை அறிக்கையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. படிக்கப் படிக்க ஆத்திரமாக வந்தது. பழைய மருத்துவமனைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 9
பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை. காலையில் கேட்டதையே மதியமும் கேட்டார்கள். அக்காவுக்கு எரிச்சல்: "எல்லாம் ஃபைல்ல இருக்கே!" எனக்கு அப்பாடா என்றிருந்தது. எந்தக் கால் என்று அவளையே காட்டச் சொல்லி, இடது முழங்காலுக்கு மேல் தடித்த பேனாவால் அம்புக்குறி போட்டார் சர்ஜன். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இதெல்லாம் உண்டு. எட்டு நகரங்களில் சோதித்துப் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. எங்கோ யாரோ காலை மாற்றி அறுத்திருக்கிறார்கள், அதை மறைக்காமல் வெளியே சொல்லவும் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

மார்ச் 10
பழைய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். நஷ்டஈடு வேண்டாம், அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, அன்று இரவு என்ன நடந்தது என்று அவளைப் பேசவிடுங்கள், நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள். அக்கா படித்துவிட்டு "அனுப்பாதே" என்றாள். அப்புறம், "எனக்கு மூச்சு முட்டினதையும் சேர்த்து எழுது" என்றாள்.

மார்ச் 11
முதல் கேஸ் அக்காவுடையது. ஆறரைக்குக் கூட்டிப்போகிறார்கள். கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேண்டும்