ஜி.இ.டி. வகுப்பில் நான் மாற்றிக்கொண்டவை

முதல் வகுப்புக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. செவ்வாய், வியாழன் மாலைகளில் இரண்டு மணி நேரம். அமெரிக்காவில் பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வுக்குக் கணக்கு சொல்லித்தரத் தன்னார்வலராக ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்குக் கணக்கு பிடிக்கும், அடுத்தவருக்குப் புரியவைக்கவும் வரும் என்று நம்பினேன். பலகையில் 'பின்னம்' என்று எழுதி முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தேன். பின்னம், தசமம், சதவீதம், அப்புறம் இயற்கணிதம், கடைசியில் வடிவியல். நான் படித்த வரிசை அதுதான்.

ஆறாவது வாரம் நான்கு பேர்தான் மிச்சம். யாரும் குறை சொல்லிவிட்டுப் போகவில்லை, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வேலை இருந்திருக்கும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் நூலக வாசலில், நின்றுபோனவர்களில் ஒரு பெண்மணியைப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்பவர், நாற்பதைக் கடந்தவர். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்கள் நன்றாகத்தான் சொல்லித்தருகிறீர்கள். ஆனால் இந்த வகுப்பில் நான் ஏற்கெனவே ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அன்றைக்கும் பின்னத்தில்தான் விட்டேன்."

அவர் சொன்னதுதான் இன்றுவரை நான் வகுப்பெடுக்கும் விதத்தைத் தீர்மானிக்கிறது. ஒருவரைத் தோற்கடித்த அதே வகுப்பை முப்பது வருடம் கழித்து அதே வரிசையில் திரும்ப நடத்தினால், அவருக்கு அது இரண்டாவது வாய்ப்பாகத் தெரியாது, பழைய தோல்வியின் மறு ஒலிபரப்பாகத்தான் தெரியும். அந்தப் பருவம் முடிந்ததும் என் பாடக்குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, தேர்வையே முதலில் ஒழுங்காகப் படித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, பள்ளிப் படிப்பை முடிக்காமல் படைக்குப் போனவர்களுக்காக 1942ல் உருவான தேர்வு இது. 2014 முதல் கணினியில்தான் எழுத வேண்டும். கணக்கு 115 நிமிடம், மொழி 150 நிமிடம், அறிவியல் 90, சமூக அறிவியல் 70 என நான்கு தாள்கள். ஒவ்வொன்றும் 100 முதல் 200 வரையிலான அளவுகோலில் மதிப்பிடப்படும், தேர்ச்சிக்கு 145 வேண்டும். கட்டணமும் சில விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் ஹைசெட் என்ற இன்னொரு தேர்வும் உண்டு. நம் தனித்தேர்வர் முறையை மனதில் வைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: நெட்டுரு போட்டு எழுதும் தேர்வு இல்லை இது. சமூக அறிவியலிலும் அறிவியலிலும்கூட ஒரு பத்தியையோ வரைபடத்தையோ கொடுத்து, அதிலிருந்துதான் பெரும்பாலும் கேட்பார்கள்.

நான்கு தாள்களையும் ஒன்றாக எழுத வேண்டியதில்லை. ஒன்றில் தேறினால் அந்தத் தேர்ச்சி அப்படியே நிற்கும், மற்றவற்றைப் பிறகு எழுதலாம். இது முதல் பருவத்திலேயே எனக்குத் தெரியும், ஆனால் இதன் பலம் தெரியவில்லை.

அடுத்த பருவத்தில் முதல் வாரம் பாடமே நடத்தவில்லை. ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தேன். வகுப்பில் சேரும்போது எல்லோரும் ஒரு நிலைத் தேர்வு எழுதியிருப்பார்கள், அதன் முடிவு என் கையில் இருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. எதற்காக இந்தச் சான்றிதழ், எப்போது தேவைப்படுகிறது, வாரத்தில் எந்த நேரம் உங்களுக்கென்று கிடைக்கும், பள்ளியில் கடைசியாக நன்றாகப் புரிந்த பாடம் எது என்று மட்டும் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் எனக்கு மிகவும் உதவின. "பெருக்கல் வரைக்கும் நான்தான் வகுப்பில் முதல்" என்றார் ஒருவர். எங்கே அறுந்தது என்பது அவருக்கே துல்லியமாகத் தெரிந்திருந்தது, அதுவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு வரிசை. வாசிப்பு ஓரளவு வரும் என்றால் சமூக அறிவியலை முதலில் எழுதச் சொன்னேன். இருப்பதிலேயே குறுகிய தாள் அது. அதில் பாதி குடிமையியலும் அரசாங்கமும். வாக்களிப்பவர்கள், வரி கட்டுபவர்கள், வீட்டு உரிமையாளரிடம் வாடகைக்காக வாதாடியவர்கள் இவர்கள். அதிகாரப் பகிர்வு என்றால் என்ன என்று விளக்குவதற்குள் தங்கள் ஊர் உதாரணத்தோடு வந்துவிடுவார்கள். கணக்கு ஆசிரியராக இருந்துகொண்டு கணக்கைக் கடைசியில் எழுதுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் முதல் தாளில் தேர்ச்சி என்று பார்த்துவிட்டு வருகிற மனிதரும், அதற்கு முந்தின வாரம் வந்தவரும் ஒரே ஆள் இல்லை. குரலே மாறிவிடுகிறது. அதன்பிறகு கணக்கில் அவரிடம் எதையும் கேட்கலாம்.

கடைசியில் எழுதுவது என்றால் கடைசியில் படிப்பது என்று அர்த்தமில்லை. கணக்கை முதல் நாளிலிருந்தே சிறிது சிறிதாகக் கொடுத்தேன். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து கேள்விகள்: இரண்டு போன வகுப்பிலிருந்து, இரண்டு போன மாதத்திலிருந்து, ஒன்று எப்போதோ நடத்தியதிலிருந்து. பெரியவர்களுக்கு மறதி அதிகம் என்று பலர் சொல்வார்கள். என் அனுபவத்தில், திரும்பக் கேட்காததுதான் மறக்கிறது. அதற்கு வயது காரணமில்லை.

இனி கணக்கு. அவர்கள் ஒன்றும் தெரியாமல் வருகிறார்கள் என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. அவர்களிடம் நிறையவே இருக்கிறது, ஆனால் பாதி உடைந்த விதிகளாக இருக்கிறது. ஒருவர் மைனஸ் 3லிருந்து 5ஐக் கழித்து 8 என்று எழுதினார். எப்படி வந்தது என்று கேட்டேன். "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ்" என்றார், முழு நம்பிக்கையோடு. பெருக்கலுக்கான விதி, எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தவறு என்று சிவப்பில் சுழித்திருந்தால் அவர் இன்னொரு விதியை மனப்பாடம் செய்திருப்பார். அதற்குப் பதில், ஒருவருக்கு மூன்று டாலர் கடன் இருக்கிறது, மேலும் ஐந்து டாலர் கடன் வாங்குகிறார், இப்போது அவர் நிலைமை என்ன என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "எட்டு டாலர் பள்ளத்தில்" என்றார். அந்தப் பள்ளம் என்ற சொல்லையே பருவம் முழுக்க எல்லோரும் பயன்படுத்தினோம்.

அன்றிலிருந்து விடையைப் பார்க்கும் முன் வழியைக் கேட்பது என் வழக்கமாயிற்று. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஒருவர் எழுதினால், "ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரிதா சிறிதா?" என்று மட்டும் கேட்பேன். அவரே அழித்துவிடுவார். எந்தக் கணக்கானாலும் முதலில் உத்தேசமாக ஒரு விடையை ஓரத்தில் எழுதச் சொன்னேன். தேர்வில் இது நேரடியாகவே உதவும், ஏனென்றால் கொடுக்கும் நான்கு விடைகளில் இரண்டு பெரும்பாலும் நடக்கவே முடியாதவை.

லாரி ஓட்டும் ஒருவர் இயற்கணிதம் என்ற பெயரைக் கேட்டாலே நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். தேர்வில் பாதிக்கு மேல் இயற்கணிதம்தான். அவரிடம் ஒருநாள், உங்கள் வண்டி ஒரு கேலனுக்கு 6.5 மைல் கொடுக்கிறது, 640 மைல் போக எவ்வளவு டீசல் வேண்டும் என்று கேட்டேன். நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள், "650 மைல் என்றால் நூறு கேலன், அதைவிடக் கொஞ்சம் குறைவு" என்றார். அவர் சொன்னதை அப்படியே பலகையில் எழுதி, தெரியாத இடத்தில் ஓர் எழுத்தைப் போட்டேன். இதுதான் சமன்பாடு, நீங்கள் தினமும் போடுவது என்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

இப்படி ஒவ்வொருவரின் வேலையிலும் ஏதோ ஒரு பாடம் இருக்கிறது. கூரை வேலை செய்பவருக்குச் சாய்வு என்ன என்று நான் விளக்க வேண்டியதே இல்லை. 12 அங்குலத்துக்கு 4 அங்குலம் ஏறும் கூரை என்பது அவர் அன்றாடம் பேசுவது. அதை நேர்கோட்டின் சாய்வாக வரைபடத்தில் காட்டுவது மட்டும்தான் என் வேலை. ஆனால் ஓர் எச்சரிக்கை: உதாரணத்தோடு நிறுத்திவிடக்கூடாது. தேர்வில் கேள்வி கூரையாக வராது, இரண்டு புள்ளிகளாக வரும். கூரையிலிருந்து புள்ளிக்கு வருகிற அந்தக் கடைசிப் படியை நான் ஆரம்பத்தில் அவசரமாகக் கடந்துவிட்டேன். பயிற்சித் தேர்வில் அது தெரிந்தது.

கால்குலேட்டரும் ஒரு பாடமே. திரையில் டிஐ-30எக்ஸ்எஸ் என்ற மாதிரி வரும். முதல் ஐந்து கேள்விகளுக்கு அது கிடையாது, அந்தப் பகுதியை முடித்துவிட்டால் திரும்பிப் போகவும் முடியாது. மைனஸ் எண்ணுக்கு ஒரு பொத்தான், கழித்தலுக்கு வேறு பொத்தான். மைனஸ் மூன்றை வர்க்கம் செய்ய அடைப்புக்குறி போடாவிட்டால் மைனஸ் 9 என்று காட்டும். இதை முதல் பருவத்தில் கடைசி வாரம் சொன்னேன், அது தாமதம். இப்போது இரண்டாம் வகுப்பிலேயே கருவியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். சூத்திரத் தாளும் தேர்விலேயே கிடைக்கும். எனவே சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டுவிட்டு, தாளில் எது எங்கே இருக்கிறது, எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று பழக்கினேன்.

மொழித் தாளில் வரும் கட்டுரை என் பாடமில்லை, ஆனால் ஆள் பற்றாக்குறையால் அதையும் எடுத்தேன். 45 நிமிடம். ஒரே விஷயத்தில் எதிரெதிரான இரண்டு வாதங்களைக் கொடுத்து, எது ஆதாரத்தோடு வலுவாக இருக்கிறது என்று எழுதச் சொல்வார்கள். என் மாணவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தக் கருத்தை எழுதினார்கள். வாழ்க்கையில் அடிபட்டவர்கள், கருத்து இல்லாமல் இருக்குமா? நன்றாகவும் எழுதினார்கள். ஆனால் கேட்டது அதுவல்ல. நீங்கள் நீதிபதி, சாட்சியில்லை என்று சொல்லிப் பார்த்தேன், பிடித்துக்கொண்டார்கள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் எண், நிபுணர் கூற்று, உதாரணம் என ஆதாரங்களை மட்டும் எழுத வேண்டும். எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. உங்களுக்குப் பிடிக்காத பக்கமாக இருந்தாலும் சரி.

இன்னொரு தடை நான் எதிர்பாராதது, தட்டச்சு. கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலால் பறக்கிறவர்கள், விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார்கள். கட்டுரைக்கான நேரம் எழுத்து தேடுவதிலேயே போனது. வகுப்பு தொடங்கும் முன் பத்து நிமிடம் தட்டச்சு என்று வைத்துக்கொண்டோம். மூன்று மாதத்தில் அதன் பலன் நன்றாகவே தெரிந்தது.

வராமல் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் மாறும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். முன்பு ஒரு வகுப்பைத் தவறவிட்டவர் அடுத்த வகுப்பில் தொலைந்துபோனார், அதோடு நின்றார். இப்போது ஒவ்வொரு வகுப்பையும் தனியாக நிற்கும்படி அமைக்கிறேன், பாடத்தை ஒரே தாளில் சுருக்கி அவருக்காக எடுத்து வைக்கிறேன். திரும்பி வருகிறவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. "உங்கள் தாள் இதோ" என்று கொடுத்துவிடுகிறேன்.

இரவுப் பணி செய்யும் அந்தப் பெண்மணியை நானே அழைத்தேன், திரும்பி வந்தார். சமூக அறிவியல், மொழி, அறிவியல் மூன்றிலும் தேறினார். கணக்கில் 142. அன்று மாலை என்னிடம், "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. மதிப்பெண் அறிக்கையைத் திறந்தேன். எந்தத் திறனில் குறை என்று அதிலேயே இருக்கும். அவருக்கு விழுந்த அடி எல்லாம் சார்புகளிலும் வரைபடங்களிலும்தான். பின்னத்தில் குறையே இல்லை. அந்த வரியை அவரையே இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். அடுத்த மூன்று வாரம் வரைபடம் மட்டும் படித்தோம். அதிகாரபூர்வப் பயிற்சித் தேர்வு ஒன்று உண்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தயார்நிலையைக் காட்டும். பச்சை வந்த பிறகுதான் நாள் குறிக்க விட்டேன். முதல் தடவை மஞ்சளிலேயே அனுப்பியது என் தவறு, அதை அவரிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை 147.

ஒரு விஷயத்தில் இன்னும் வருத்தம் இருக்கிறது. மெதுவாக வாசிக்கும் ஓர் இளைஞருக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தோன்றியது. உரிய மருத்துவ ஆவணம் இருந்தால் கூடுதல் நேரம், தனி அறை என்று தேர்வில் சலுகை கேட்கலாம். ஆவணம் வாங்கி, விண்ணப்பித்து, பதில் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதனால் இப்போது முதல் வாரத்து அரை மணிப் பேச்சிலேயே, ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்துக் காட்ட முடியுமா என்று தனியாக, தயவாகக் கேட்டுவிடுகிறேன்.

இந்தப் பருவத்தில் ஒன்பது பேர். கூரை வேலை செய்பவருக்கு அடுத்த வாரம் கணக்குத் தேர்வு. சாய்வு கைவந்துவிட்டது, ஆனால் சாய்வைக் கொடுத்துச் சமன்பாடு எழுதச் சொன்னால் இன்னும் தடுமாறுகிறார். நடுவில் இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. நாளைக்கான தாளில் பத்துக் கேள்விகள் போட்டிருக்கிறேன். முதல் மூன்றில் கூரை வரும், நான்காவதிலிருந்து வெறும் புள்ளிகள்தான்.