சேவை லீவும் சிலிசிலி பேக்கும்

எங்க கம்பனில வருஷத்துக்கு 2 நாள் சேவை லீவு தாராங்க. சம்பளம் வெட்ட மாட்டாங்க, மத்த லீவுல கழிக்கவும் மாட்டாங்க, ஏதாச்சும் சமூக வேலைக்குப் போகணும், போனதுக்கு ஒரு போட்டோ போடணும், அவ்வளவுதான். நான் இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல ஒரு நிதிக் கம்பனி கிளைல வேல செய்றேன். கம்பனி பேர் வேணாம், ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன்.

மொத வருஷம் நாங்க செஞ்சது பெயிண்ட் அடிச்சது. மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம், ரெண்டு வேன், எல்லாருக்கும் டீசேர்ட், நீளமா ஒரு பெனர். செவத்துல யானை, மயிலு, ஏபிசிடி எல்லாம் வரஞ்சோம். அதிபர் ஒண்ணும் சொல்லல, ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் குடுத்து நல்லா கவனிச்சாரு. கெளம்புற நேரம் தான் என்னைத் தனியா கூப்பிட்டு, "சேர், பைப்புல தண்ணி வந்து மூணு மாசம் ஆகுது, பொம்பளப் புள்ளைங்களுக்குத்தான் பாத்ரூம் போக கஷ்டம்"னாரு. அப்பத்தான் எனக்கு ஒறச்சிச்சு, பிரஷ் கழுவ தண்ணி கேட்டப்பல்லாம் புள்ளைங்க கீழ பீலிக்கு ஓடி ஓடி வாளியில தூக்கிட்டு வந்துச்சுங்க, அந்த வாளிய புடிச்சிக்கிட்டு சிரிக்கிற போட்டோதான் ஹெட் ஒபிஸ் காலண்டர்ல வந்துச்சு.

நானும் லயத்துல, தோட்டத்து லைன் வீட்டுல பொறந்தவன்தான். நாலாம் வகுப்பு படிக்கிறப்ப யாரோ கொழும்புல இருந்து வந்து கொப்பி குடுத்தாங்க, மொத போட்டோ சரியா விழலன்னு கொப்பிய திருப்பி வாங்கி மறுபடி குடுத்தாங்க. அந்தப் பக்கம் நின்னவன் இப்ப இந்தப் பக்கம் நிக்கிறேன்னு வேன்ல வர்ற வழியெல்லாம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அடுத்த வருஷம் எங்க கிளைல டேட்டா போடுற அக்கா ஒரு ஐடியா சொன்னாங்க. அவங்க அம்மாவோட ஈ.பி.எஃப். காச எடுக்க ரெண்டு வருஷம் அலஞ்சிருக்காங்க, அதனால "பெயிண்ட விடுங்க தம்பி, நமக்கு படிவம் நெரப்பத் தெரியும், சிங்களம் எழுதத் தெரியும், அத செய்வோம்"னாங்க. விஷயம் தெரியாதவங்களுக்கு, சம்பளத்துல 8 வீதம் தொழிலாளிகிட்ட புடிச்சி, வேல குடுக்கிறவங்க 12 வீதம் போட்டு மாசாமாசம் கட்டுறது தான் ஈ.பி.எஃப்., ஊழியர் சேமலாப நிதி. வேலைய விட்டு நின்னா பொம்பளைங்க 50லயும் ஆம்பளைங்க 55லயும் கே படிவம் குடுத்து எடுக்கலாம், ஆள் செத்துட்டா வாரிசுக்கு எல் படிவம். கேக்க லேசா இருக்கும். ஆனா ஒரு வேலைக்காக ஹட்டனுக்கு எறங்கி ஏறினா அன்னைக்குப் பேர் இல்ல, அதாவது நாள் சம்பளம் விழாது, 2024ல சம்பள நிர்ணய சபை ஒரு நாளைக்கு 1,350 ரூவான்னு வச்சுச்சே, அது போச்சு, பஸ் காசும் போச்சு, அங்க போனா "சிங்களத்துல எழுதிட்டு வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. 1987ல 13வது திருத்தத்துலயே தமிழும் அரசகரும மொழின்னு எழுதியாச்சு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் அது தெரியணும்ல.

சரின்னு ஒரு புதன்கெழம டீசேர்ட்ட மாட்டிக்கிட்டு தோட்டத்துல ஒரு டிவிஷனுக்கு ஏறினோம். லயத்துல ஒரு கதவு தொறக்கல. உள்ள ரேடியோ பாடுது, தட்டினா நின்னுடுது. கடைசில ஒரு பொடியன் தலைய நீட்டி, "அம்மா மலைக்குப் போயிட்டாங்க, அடுத்த கெழம கட்டுறேன்னு சொல்லச் சொன்னாங்க"ன்னான். எங்களுக்கு சிரிப்பும் வந்துச்சு, சிரிக்கவும் முடியல. வாரக்கடன் வசூலிக்க வர்றவங்களும் நாங்களும் ஒரே மாதிரி தானே இருக்கோம், நெஞ்சுல கம்பனி பேர் வேற. அதோட அந்த நேரத்துல பாதிப் பேரு உண்மையாவே கொழுந்து மலைல தான் இருப்பாங்க, எங்க ஒபிஸ் நேரத்துக்கு நாங்க சேவை செய்யப் போனா அங்க சேவை வாங்க ஆள் வேணாமா.

இதுக்கு எங்க மனேஜர் செஞ்சத சொல்லியே ஆகணும், டார்கெட் டார்கெட்னு உசிர வாங்குற மனுஷன்தான், ஆனா இத கொழும்போட பேசி முடிச்சாரு. 2 நாள 16 மணித்தியாலமா மாத்தி, துண்டு துண்டா எடுக்கலாம்னு ஆக்குனாங்க. ஞாயித்துக்கெழம போய் வேல செஞ்சா திங்கக்கெழம காலைல அந்த நேரத்துக்கு லீவு. டீசேர்ட் கட்டாயம் இல்ல. ஒபிஸ் போட்டோகொப்பி மெஷின பாவிக்கலாம், வேனுக்கு டீசல் கம்பனி கணக்கு. பெனர் செலவோட பாத்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, ஆனா எங்களுக்கு உதவினது இது தான்.

தாய்மார் வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பரா விராந்தைல ஒரு மேசைய போட்டு ஒக்காந்தோம். பத்தாந்தேதி சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, மாசத்துக்கு ஒருக்கா. மொத நாள் ஆறு பேர் வந்தாங்க, மூணாவது மாசம் வரிசை தண்ணித் தொட்டி வரைக்கும் நின்னுச்சு.

அதுல ஒரு அம்மாயி. பேர மாத்தித்தான் சொல்றேன். சிலிசிலி பேக், அதான் பொலித்தீன் பை, அதுக்குள்ள இன்னொரு சிலிசிலி பேக், அதுக்குள்ள துணி, துணிக்குள்ள பேப்பர். பொறப்பு அத்தாட்சில மாரியாயி. ஐடில சிங்களத்துல மாரியாய். ஈ.பி.எஃப். அங்கத்துவ அட்டை, பி கார்ட்ல மேரி! யாரோ ஒரு கிளாக்கர் ஐயா அந்தக் காலத்துல இங்கிலீஸ்ல எழுதுறப்ப அம்மாயிய கிறிஸ்தவ வேதத்துக்கே மாத்திட்டாரு. "நான் மாரியம்மனுக்கு நேந்து பொறந்தவ தம்பி, மேரி யாருன்னே தெரியாது"ங்குது. மூணு பேரும் ஒரே ஆள்தான்னு சத்தியக்கடதாசி எழுதணும், ஜே.பி., அதான் சமாதான நீதவான், ஒருத்தர் ரிட்டயர்ட் வாத்தியார், காசு வாங்காம வந்து ஒக்காந்தாரு. கையெழுத்துக்கு பதிலா பெருவெரல் வைக்கச் சொன்னோம், ரேகை விழவே இல்ல. முப்பது வருஷம் கொழுந்து நுள்ளின வெரலு, மை பூசினா ஒரு கறுப்பு வட்டம் தான் வருது. எச்சி தொட்டு சேலையில தேச்சி தேச்சி நாலாந்தரம் தான் ரெண்டு கோடு தெரிஞ்சிச்சு, அம்மாயி அந்தப் பேப்பர தூரமா புடிச்சிப் பாத்துட்டு "இப்ப நான் நானா?"ன்னுச்சு. வாத்தியார் சிரிச்சிட்டாரு. எனக்குத் தொண்டைய அடச்சிச்சு.

எங்க மலையகத் தமிழ் சனங்க பேப்பர இப்பிடி பொத்தி வைக்கிறதுக்கு காரணம் இருக்கு. 1948ல பிரஜாவுரிமைய புடுங்குனதுல இருந்து 2003 சட்டம் வர்ற வரைக்கும், நாம யாருன்னு ஒரு துண்டுக் கடதாசி தானே முடிவு பண்ணுச்சு.

2025 நவம்பர் கடைசில டித்வா புயல் அடிச்சப்ப இது இன்னும் நல்லா தெரிஞ்சிச்சு. நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்துப் போனாங்க, மலையகத்துல எங்க பாத்தாலும் மண்சரிவு, லயத்த விட்டு கோயில் மண்டபத்துல படுத்திருந்தாங்க. கம்பனி கணக்குப் பாக்காம லீவு குடுத்துச்சு, அரிசி பருப்பு நெறைய எடத்துல இருந்து வந்துச்சு, நாங்க எங்க மேசைய மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். சேத்துல ஊறின பொறப்பு அத்தாட்சிகள ஒவ்வொண்ணா பிரிச்சி, பழைய பேப்பருக்கு நடுவுல வச்சி, சூடு கம்மியா அயன் பண்ணி காய வச்சோம். ஒட்டிக்கிட்ட ரெண்டு பேப்பர பிரிக்கிறப்ப ஒரு புள்ளையோட பேர் கிழிஞ்சி போச்சு, என் கையால தான். நம்பர் தெரிஞ்சதால புதுப் பிரதி எடுக்க முடிஞ்சிச்சு, ஆனாலும் அந்தத் தாய் என்னைப் பாத்த பார்வை மறக்கல.

திட்டுறேன்னு சொன்னேன்ல. ரெண்டு மாசத்துக்கு முந்தி மார்க்கட்டிங்ல இருந்து ஒரு பெட்டி நோட்டீஸ் வந்துச்சு, லோன் நோட்டீஸ், "ஞாயித்துக்கெழம மேசையில வைங்க, நல்ல கூட்டம் வருதாம்ல"ன்னு. ஈ.பி.எஃப். எடுக்க வர்ற கெழவிக்கு முன்னால வட்டிக் கணக்க நீட்டச் சொல்றாங்க. பெட்டி இன்னும் வேன் சீட்டுக்கு அடியில தான் இருக்கு. மனேஜருக்குத் தெரியும், கேக்கல, அதுவும் ஒரு சேவை தான்.

போன மாசம் அம்மாயிக்கு காசு பேங்க்குக்கு வந்திடுச்சு. சொல்லிட்டுப் போகணும்னு பேரனக் கூட்டிக்கிட்டு ஹட்டன் கிளைக்கே வந்துச்சு, கையில ஒரு பை நெறைய பேரிக்கா. மனேஜர் எந்திரிச்சி வந்து, கதிரை எல்லாம் இழுத்துப் போட்டு, "அம்மா, அந்தக் காச நம்ம கிட்ட நிரந்தர வைப்புல போடலாமே, வட்டி நல்லா தருவோம்"னாரு, பழக்கதோஷம். அம்மாயி என்னையப் பாத்துச்சு, அவரப் பாத்துச்சு.

"நீங்க வாங்குற வட்டி எனக்குத் தெரியும் சாமி, என் மருமக கட்டுறா"ன்னுட்டு பேரிக்காய மேசையில கொட்டுச்சு.